23-ல் 17 பச்சை: பல்கலைக்கழக முன்னேற்ற அறிக்கையை எப்படிப் படிப்பது?

#1 இளவேனில்

வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு உத்தித் திட்டம், மூன்றாம் ஆண்டு முன்னேற்ற அறிக்கை. ஆட்சிக்குழுவின் துணைக்குழு அதைப் பரிசீலிக்கும் முன், கேட்க வேண்டிய கேள்விகளை எழுதித் தர வேண்டும். மொத்தம் 64 பக்கம். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில்: 23 குறியீடுகளில் (இலக்குகளை அளப்பவை) 17 பச்சை, அதாவது சரியாகப் போகின்றன, 4 மஞ்சள், 2 சிவப்பு. மாணவர், பணியாளர் சார்ந்தவற்றில் முக்கியமானவை இவை:

முதலாண்டு மாணவர் தக்கவைப்பு 88%-லிருந்து 91%
ஒப்படைப்புகளைத் திருத்தி 15 வேலைநாளில் திருப்பித் தருவது 92%
மாணவர்-ஆசிரியர் விகிதம் 20:1
பணியாளர் மனநிறைவு 74%
பணியாளர் விலகல் 9%-லிருந்து 7%
பெண் ஆசிரியர் பதவி உயர்வு: விண்ணப்பித்தவர்களில் 60% வெற்றி, ஆண்களில் 50%

எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது. இந்த எண்களை எங்கே தட்டிப் பார்த்தால் ஓசை மாறும்?

#2 புள்ளிமான்

பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்குதான். மேலே தொகுதி, கீழே பகுதி. அறிக்கைகள் தொகுதியைப் பற்றிப் பத்தி பத்தியாகப் பேசும். பகுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அடிக்குறிப்பில்கூடச் சொல்லாது.

உங்கள் முதல் எண்ணையே எடுப்போம். ஒரு கணக்குக்காக, ஓராண்டில் 1,000 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து வாரத்தில் 60 பேர் கிளம்பிவிடுகிறார்கள். மறு ஆண்டு திரும்பி வந்து பதிவு செய்பவர்கள் 855 பேர். சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 855/1,000, அதாவது 85.5%. கணக்கெடுப்பு நாளை ஆறாவது வாரத்தில் வைத்தால் 855/940, அதாவது 91%. ஒரு மாணவர்கூடக் கூடுதலாகத் தங்கவில்லை. நாள் மட்டும்தான் நகர்ந்திருக்கிறது.

ஆகவே முதல் கேள்வி: 88%-ம் 91%-ம் ஒரே கணக்கெடுப்பு நாளில் எடுத்தவையா? இரண்டாவது: படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தவர்கள் எந்தப் பக்கம்? சில இடங்களில் அவர்களைப் பகுதியிலிருந்தே எடுத்துவிடுவார்கள். சில இடங்களில் திரும்பி வந்ததாகவே எண்ணிவிடுவார்கள். மூன்றாவது: பகுதிநேர மாணவர்கள், இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தவர்கள், துறை மாறியவர்கள் உள்ளே இருக்கிறார்களா? துறை அளவில் பார்த்தால் துறை மாறியவர் இழப்பு. பல்கலைக்கழக அளவில் அவர் இழப்பில்லை. துறைகளின் எண்களைக் கூட்டிப் பார்த்து மொத்தத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

#3 வெண்பலகை

புள்ளிமான் சொல்றது சரி. ஆனா கணக்கெடுப்பு நாளைத் தள்ளி வைக்கிறதே தில்லுமுல்லுன்னு எடுத்துக்க வேண்டாம். முதல் ரெண்டு வாரம் வந்து பார்த்துட்டு, வேற இடத்துல இடம் கிடைச்சதும் போறவங்க எல்லா ஊர்லயும் உண்டு. அவங்களைத் தக்கவைக்கத் தவறினதா ஒரு பேராசிரியர் தலையில கட்டுறது நியாயமில்ல. அதனாலதான் ஒரு நாளை நிர்ணயிக்கிறாங்க.

தப்பு எங்கன்னா, அந்த 60 பேர் எந்த எண்லயும் வராம காணாமப் போறதுதான். ரெண்டு எண்ணா கேளுங்க: சேர்ந்ததிலிருந்து கணக்கெடுப்பு நாள் வரைக்கும் போனவங்க எத்தனை, அதுக்கப்புறம் போனவங்க எத்தனை. முதல் எண் பெருசா இருந்தா சிக்கல் சேர்க்கைத் தகவல்லயோ, விடுதி, கட்டணம் மாதிரி விஷயத்துலயோ இருக்கு. ரெண்டாவது பெருசா இருந்தா பாடத்துலயும் தேர்விலயும் தேடணும். மருந்து வேற வேற.

#4 புள்ளிமான்

ஒப்புக்கொள்கிறேன். அதே 91-ஐ வேறொரு வழியிலும் அடையலாம், அதையும் காட்டிவிடுகிறேன். இதில் யாரும் எதையும் மாற்றவே வேண்டாம்.

இரண்டு புலங்கள் (துறைகளின் தொகுப்புகள்). அ-வில் தக்கவைப்பு 95%, ஆ-வில் 80%. மாணவர்கள் பாதிப் பாதி என்றால் மொத்தம் 87.5%. மூன்று ஆண்டு கழித்து அ 94%, ஆ 79%. இரண்டுமே இறங்கிவிட்டன. ஆனால் இதற்குள் சேர்க்கை மாறி, மாணவர்களில் 80% பேர் அ-வில் இருக்கிறார்கள். இப்போது மொத்தம் 0.8 × 94 + 0.2 × 79 = 91%. இரண்டு புலமும் சரிய, பல்கலைக்கழகம் முன்னேறிவிட்டது!

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு பெர்க்லி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973 மேற்பட்டப் படிப்புச் சேர்க்கையில், விண்ணப்பித்த ஆண்களில் 44% பேருக்கும் பெண்களில் 35% பேருக்கும் இடம் கிடைத்தது. துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான அந்த ஒட்டுமொத்தச் சாய்வு காணவில்லை. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். பிக்கல், ஹாமல், ஓகானல் மூவரும் 1975-ல் இதை எழுதினார்கள். மொத்த விழுக்காடு மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். புலவாரியாகத் தலைக்கணக்கோடு கேளுங்கள். விழுக்காடு மட்டும் தந்தால் எடை போட முடியாது.

#5 கணக்காயர்

மாணவர் பக்கம் பேசியாயிற்று. பணியாளர் எண்களுக்கு வருகிறேன். அங்கேதான் ஓட்டை பெரிது.

மாணவர்-ஆசிரியர் விகிதம் 20:1. மாணவர் 12,000, ஆசிரியர் 600 என்றால் 20 வரும். அந்த 600 பேரும் முழுநேரமா? மணிக்கணக்கில் வந்து போகிறவர்களை முழுநேரச் சமானமாக மாற்றினால் 480 ஆகலாம். அப்போது 25:1. நியாயமாக மாணவர் பக்கமும் அதே முறையில் மாற்ற வேண்டும்: 2,000 பேர் அரைநேரம் என்றால் 11,000. ஆகவே 11,000/480, ஏறக்குறைய 23:1. அதன் பிறகும் ஆராய்ச்சிக்கு மட்டும் நியமிக்கப்பட்டவர்கள், நீண்ட விடுப்பில் இருப்பவர்கள், நிர்வாகப் பொறுப்பால் வகுப்பே எடுக்காதவர்கள் அந்த 480-க்குள் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

இந்த வகை எண் எவ்வளவு வழுக்கும் என்பதற்குக் கொலம்பியா பல்கலைக்கழகமே சாட்சி. 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 82.5% என்று தரவரிசைக்குத் தகவல் தந்திருந்தார்கள். அங்கேயே கணிதப் பேராசிரியராக இருந்த மைக்கேல் தாடியஸ், வெளிப்படையாகக் கிடைத்த பாடப் பட்டியலை வைத்தே அது பொருந்தவில்லை என்று 2022 தொடக்கத்தில் எழுதினார். பல்கலைக்கழகம் பின்னர் திருத்திக் கொடுத்த எண் ஏறக்குறைய 57%. யூ.எஸ். நியூஸ் தரவரிசையில் 2-ஆம் இடத்திலிருந்து 18-க்குப் போனது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் எந்த ரகசியக் கோப்பையும் பார்க்கவில்லை. வகுப்பு அட்டவணை பொதுவில் இருந்தது. உங்கள் குழுவும் ஒரு துறையின் பாட அட்டவணையை எடுத்து, வகுப்புக்கு எத்தனை பேர் என்று ஒரு பிற்பகல் எண்ணிப் பார்க்கலாம்.

மனநிறைவு 74%. பதில் விகிதம் எவ்வளவு? 1,500 பணியாளர்களில் 38% பதில் தந்தால் 570 பேர். அதில் 74% என்றால் 422. மீதி எல்லோரும் அதிருப்தி என்று சொல்ல முடியாது. நிறைவாக இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. அவ்வளவுதான் அந்த எண்ணின் பலம். ஐந்து படி அளவுகோலில் 'உடன்படுகிறேன்', 'மிகவும் உடன்படுகிறேன்' இரண்டையும் சேர்ப்பது வழக்கம். 'நடுநிலை' என்பதையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். கேள்வியின் சொல்லமைப்பு சென்ற முறைபோலவே இருந்ததா என்பதும் முக்கியம். 'என் வேலையில் நிறைவாக இருக்கிறேன்', 'இங்கே வேலை பார்ப்பதை மற்றவருக்குப் பரிந்துரைப்பேன்' இரண்டுக்கும் ஒரே ஆள் வேறு வேறு பதில் சொல்வார்.

#6 மேசைவிளக்கு

ஐயா, ஒரு கேள்வி. பணியாளர்னா ஆசிரியர் மட்டும்தானா? ஆய்வகத் தொழில்நுட்பர், நூலகர், தேர்வுப் பிரிவு, கணினிப் பிரிவு, விடுதி, துப்புரவு, காவல் இவங்கல்லாம் எந்த வரியில வர்றாங்க? 'மாணவர் அனுபவம்'னு ஒரு அத்தியாயமே எழுதுவாங்க. மாணவர் சான்றிதழுக்கு நிக்கிற வரிசையில மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க பேர் அதுல இருக்காது.

விலகல் 9-லிருந்து 7-க்கு வந்ததைப் பார்த்ததும் எனக்குத் தோணினது இதுதான். மொத்தம் 1,000 பேர், வருஷத்துக்கு 90 பேர் விலகல், 9%. அதுல 150 பேர் காவல், துப்புரவுப் பணி, விலகினவங்க 30. அந்த 150 இடத்தையும் வெளி ஒப்பந்தக்காரர்கிட்ட குடுத்தாச்சுன்னா மீதி 850 பேர், விலகல் 60. 60/850 போட்டுப் பாருங்க, 7%. ஒருத்தர் மனசும் மாறல. வேலை அதே வளாகத்துல நடக்குது, ஆள் அதே மாதிரி போய்க்கிட்டுதான் இருக்காங்க. நம்ம பட்டியல்ல மட்டும் இல்ல.

இன்னொண்ணு, ஒப்பந்தக் காலம் முடிஞ்சு போறவங்களை 'விலகல்'ல சேர்க்க மாட்டாங்க. 'திட்டமிட்ட முடிவு'ன்னு தனியா வெச்சிடுவாங்க. பத்து மாச ஒப்பந்தத்துல ஒருத்தரை அஞ்சு தடவை புதுப்பிச்சு ஆறாவது தடவை விட்டா அது விலகலே இல்ல! கேட்க வேண்டியது: நிரந்தரம், ஒப்பந்தம், வெளி ஒப்பந்தம்னு மூணு நெடுவரிசை. ஒவ்வொண்ணுக்கும் ஆண்டுத் தொடக்கத் தலைக்கணக்கு, புதுசா வந்தவங்க, போனவங்க, ஆண்டு முடிவுத் தலைக்கணக்கு. முதல் எண்ணோட வந்தவங்களைக் கூட்டி, போனவங்களைக் கழிச்சா கடைசி எண் வரணும். வரலைன்னா யாரோ வகை மாறியிருக்காங்க.

#7 இளவேனில்

இதை எதிர்பார்க்கவில்லை. நன்றி மேசைவிளக்கு. அறிக்கையில் 'பணியாளர்' என்ற சொல்லுக்கு வரையறையே இல்லை, இப்போதுதான் தேடிப் பார்த்தேன்.

இன்னொரு சந்தேகம். 15 நாளில் திருத்தித் தருவது மாணவர் இலக்கில் பச்சை. பணியாளர் இலக்கில் 'பணிச்சுமைச் சமநிலை' மஞ்சள். இரண்டும் தனித்தனி அத்தியாயம், தனித்தனிப் பொறுப்பாளர். ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கிறதா, நான்தான் முடிச்சுப் போடுகிறேனா?

#8 கணக்காயர்

முடிச்சு ஏற்கெனவே இருக்கிறது. கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒரு பாடத்தில் 120 மாணவர். ஓர் ஒப்படைப்பைப் படித்து, பயனுள்ள குறிப்பு எழுதி, மதிப்பெண் பதிய 25 நிமிடம். மொத்தம் 3,000 நிமிடம், அதாவது 50 மணி நேரம். 15 வேலைநாள், நாளுக்கு ஏழரை மணி என்றால் கையில் இருப்பது 112.5 மணி. அதே மூன்று வாரத்தில் வாரம் 12 மணி வகுப்பு, அதே அளவு தயாரிப்பு: 72 மணி. 72-ம் 50-ம் 122. ஆராய்ச்சி, கூட்டம், மாணவர் சந்திப்பு எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. அதற்குள் ஒன்பதரை மணி பற்றாக்குறை.

எனில் அந்த 92% எப்படி வந்தது? மூன்று வழி உண்டு. ஒன்று, இரவும் வார இறுதியும் போகிறது. அது பணிச்சுமைக் கணக்கில் ஏறாது. இரண்டு, 25 நிமிடம் 12 நிமிடமாகிறது. மாணவருக்குக் கிடைப்பது மதிப்பெண்ணும் 'நன்று, இன்னும் விரிவாக எழுதலாம்' என்ற ஒரு வரியும். மூன்று, ஒப்படைப்பையே எடுத்துவிட்டு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் வினாத்தாள் வைப்பது. இதில் எது நடந்தாலும் மாணவர் இலக்கு பச்சைதான்.

ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இருக்கிறது. முதலாவதைப் பார்க்க, மதிப்பெண் பதிவேறிய நேர முத்திரைகள்: இரவு பத்துக்கு மேல், விடுமுறை நாளில் எத்தனை விழுக்காடு. தனிநபர் வாரியாகக் கேட்காதீர்கள், அது வேவு ஆகிவிடும், புலவாரியாகப் போதும். இரண்டாவதற்கு, குறிப்புகளின் சராசரி நீளம் மூன்று ஆண்டில் எப்படி மாறியது என்பது. மூன்றாவதற்கு, மதிப்பீட்டு வகைகளின் பட்டியல், திட்டத் தொடக்க ஆண்டும் இப்போதும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்றும் கேளுங்கள். கெடுநாளிலிருந்தா, மாணவர் பதிவேற்றிய நாளிலிருந்தா? முதல் திருத்தம் முடிந்ததும் நிற்கிறதா, இரண்டாம் திருத்துநர் சரிபார்த்து மாணவர் கண்ணில் பட்ட பிறகு நிற்கிறதா? நீட்டிப்புப் பெற்றவர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். உடல்நலக் காரணத்தால் நீட்டிப்புப் பெற்றவர்தான் பதிலுக்கு அதிகம் காத்திருப்பவர்.

#9 ஓலைச்சுவடி

தாமதமாக வருகிறேன். விளக்கு நிறங்களை யாரும் தொடவில்லையே.

மூன்றாம் ஆண்டு அறிக்கையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் தொடக்கத்தில் ஒப்புதல் பெற்ற திட்ட ஆவணத்தை எடுங்கள். அதில் இருந்த குறியீடுகளை ஒரு தாளில் இடப்பக்கம் வரிசையாக எழுதுங்கள். வலப்பக்கம் இப்போதைய 23-ஐ எழுதுங்கள். கோடு போட்டு இணையுங்கள். இணையாமல் நிற்பவைதான் உங்களுக்கு வேண்டியவை. இடப்பக்கம் அநாதையாக நிற்பது கைவிடப்பட்ட குறியீடு. எந்தக் கூட்டத்தில், யார் முடிவில் கைவிட்டார்கள் என்று கேட்கலாம். வலப்பக்கம் அநாதையாக நிற்பது நடுவில் சேர்ந்த குறியீடு. அது சேர்க்கும்போதே எட்டியிருந்த இலக்காகவும் இருக்கலாம். இணைந்தவற்றிலும் எண்ணைப் பாருங்கள். '2028-க்குள் 60%' என்றிருந்தது 'படிப்படியாக உயர்த்துதல்' என்று மாறியிருக்கும்.

அடுத்தது, 17 பச்சையில் எத்தனை செயல், எத்தனை விளைவு? 'வழிகாட்டித் திட்டம் தொடங்கப்பட்டது', 'மனநலக் கொள்கை ஒப்புதல் பெற்றது', 'பணியாளர் மேம்பாட்டு மையம் திறக்கப்பட்டது' இவை செயல்கள். ரிப்பன் வெட்டிய அன்றே பச்சை. பயிற்சிக்கு வந்தவர் எண்ணிக்கையும் இதே சாதிதான்: கையெழுத்துத் தாளில் எத்தனை கையெழுத்து என்பது கற்றுக்கொண்டதைச் சொல்லாது.

நிறத்தின் எல்லை எது என்றும் எழுதி வாங்குங்கள். இலக்கில் 90% எட்டினால் பச்சை என்று வைத்திருந்தால், இலக்கு 91-க்கு 82 எடுத்தாலே பச்சை. தக்கவைப்பு போன்ற குறியீட்டில் 82 என்பது பேரழிவு. எல்லாக் குறியீட்டுக்கும் ஒரே எல்லைக்கோடு வைத்த அறிக்கையில் இந்தக் கோமாளித்தனம் தவறாமல் நடக்கும்.

பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும். கட்டுப்படுத்துவதற்காக ஓர் அளவின் மேல் அழுத்தம் கொடுத்தால், அதுவரை அது காட்டிய ஒழுங்கு குலைந்துவிடும்.

#10 புள்ளிமான்

ஓலைச்சுவடி, செயல்களை இவ்வளவு இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். மூன்றாம் ஆண்டில் விளைவைக் கேட்டால் நேர்மையான அலுவலகம் கையை விரிக்கத்தான் வேண்டும். திட்டத்தின் முதல் ஆண்டில் சேர்ந்தவர், நான்காண்டுப் படிப்பில் இன்னும் பட்டமே வாங்கவில்லை. இன்று வெளிவரும் பட்டம்பெறு விகிதம் பழைய திட்டத்தின் பலன். அதை இந்தத் திட்டத்தின் பச்சையாகக் காட்டுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது.

இடையில் பார்க்க வேண்டியவை முன்னறிகுறிகள். முதல் பருவத்தில் எடுத்த கிரெடிட்டில் எத்தனை விழுக்காட்டில் தேர்ச்சி பெற்றார்கள். முதல் ஒப்படைப்பைக் கொடுக்காதவர் எத்தனை பேர். தொடக்க நிலைக் கணிதத்தில் தோற்றவர் மறு பருவத்தில் பதிவு செய்தார்களா. கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-ல் முன்வைத்த கோட்பாடு இடைநிற்றலைப் படிப்போடும் வளாகச் சூழலோடும் மாணவர் எவ்வளவு ஒட்டுகிறார் என்பதோடு பொருத்துகிறது. முதல் ஆறேழு வாரத்தின் தடயங்களுக்கு மதிப்புக் கொடுப்பது அதனால்தான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012-ல் தொடங்கிய ஏற்பாடு பலருக்கும் தெரிந்திருக்கும். மாணவர் தடுமாறுகிறார் என்று காட்டும் 800-க்கும் மேற்பட்ட எச்சரிக்கை அறிகுறிகளை மென்பொருள் கண்காணித்தது. அதைப் பார்த்து மென்பொருளை மட்டும் வாங்கிய இடங்கள் உண்டு. ஜார்ஜியாவில் கூடவே மாணவர் ஆலோசகர்களையும் பெருமளவில் நியமித்தார்கள் என்பதை விட்டுவிட்டார்கள்.

#11 ஓலைச்சுவடி

ஏற்கிறேன், 'பழைய திட்டத்தின் பலன்' என்ற கோணம் எனக்கு முன்பு தோன்றவில்லை. செயல் குறியீடு இருக்கட்டும், ஆனால் 'செயல்' என்று பெயர் போட்டு இருக்கட்டும். பட்டம்பெறு விகிதத்துக்குப் பக்கத்தில் எந்த ஆண்டு சேர்ந்த அணி என்று அச்சிடட்டும். அதோடு நான் ஓய்ந்துவிடுகிறேன்.

#12 வெண்பலகை

எச்சரிக்கை ஏற்பாடு உங்க அறிக்கையிலயும் இருந்தா அதுக்கும் ஒரு கணக்கு. ஒரு ஆலோசகருக்கு 300 மாணவர். வாரத்துக்கு 15% பேருக்கு எச்சரிக்கை வந்தா 45 பேர். கூப்பிட்டு, பேசி, பதிவு போட ஆளுக்கு 20 நிமிஷம்னா 15 மணி நேரம். சமாளிக்கலாம். யாரோ உற்சாகத்துல எல்லையைத் தளர்த்தி 30% ஆக்கிட்டா 90 பேர், 30 மணி. மூணாவது வாரத்துலேர்ந்து தொலைபேசி நின்னு, எல்லாருக்கும் ஒரே வாசகத்துல மின்னஞ்சல் போகும். அதுக்குப் பேரு 'தொடர்பு கொள்ளப்பட்டது, 100%'. பச்சை!

கேட்க வேண்டிய எண்: எச்சரிக்கை வந்தவங்கள்ல எத்தனை பேரோட மனுஷன் பேசினான், எத்தனை நாளுக்குள்ள, அப்புறம் என்ன ஆச்சு. எச்சரிக்கையே வராம விலகினவங்க எத்தனை பேர்ங்கிறதையும் சேர்த்துக் கேளுங்க. அதுதான் வலையோட ஓட்டை.

விலகினவங்களைப் பத்தி இன்னொரு பட்டியல் இருக்கு, யாரும் கேட்கிறதில்ல. நல்ல மதிப்பெண் இருந்தும், சின்னக் கட்டண பாக்கிக்காகப் பதிவு முடக்கப்பட்டவங்க. நிதிப் பிரிவு கணினியில ஒரு கொடி ஏறும், பாடப் பதிவு பூட்டிக்கும், கெடுநாள் போயிடும். தக்கவைப்புக் குழுவுக்குத் தகவலே போகாது. ஜார்ஜியாவில இதுக்குன்னே சின்ன உதவித்தொகை வெச்சு ஆளைத் திரும்ப உள்ள கொண்டுவந்தாங்க.

#13 மேசைவிளக்கு

பதவி உயர்வு எண்ணை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. பெண்கள் 60%, ஆண்கள் 50%னு பார்த்ததும் 'பரவாயில்லையே'ன்னு தோணும். கதவுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாருங்க. கணக்குக்கு: தகுதி உள்ள ஆண்கள் 120, பெண்கள் 80. விண்ணப்பிச்சது 30-ம் 10-ம். கிடைச்சது 15-ம் 6-ம். விண்ணப்பிச்சவங்கள்ல 50%, 60%. சரிதான். தகுதி உள்ளவங்கள்ல? ஆண்கள் 12.5%, பெண்கள் 7.5%.

தகுதி இருந்தும் 80-ல 70 பேர் ஏன் படிவத்தையே தொடல? அங்கதான் வேலை இருக்கு. துறைத் தலைவர் 'இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே' சொன்னாரா, விதிமுறையில விடுப்பு எடுத்த காலத்தைக் கழிக்கிற ஏற்பாடு இல்லையா, கற்பிக்கும் சுமை அதிகமாகி ஆய்வுக் கட்டுரை குறைஞ்சதா. கடைசிப் படியை மட்டும் அளந்தா இதெல்லாம் கண்ணுல படாது.

மாணவர் மதிப்பீட்டுப் புள்ளியை உயர்வுக்கு நேரடியா எடுக்கிறாங்களான்னும் பாருங்க. மெக்நெல், டிரிஸ்கால், ஹண்ட் 2015-ல வெளியிட்ட ஆய்வுல, இணையவழி வகுப்புல ஒரே பயிற்றுநர் ஆண் பேர்லயும் பெண் பேர்லயும் மாணவருக்குத் தெரிஞ்சாங்க. ஆண்னு நினைச்சவங்க கூடுதல் புள்ளி போட்டாங்க.

#14 கணக்காயர்

நல்ல ஆய்வுதான், ஆனால் 43 மாணவர்கள் மட்டுமே கொண்டது. அதை வைத்து எல்லா மதிப்பீட்டையும் தள்ளிவிட முடியாது. மதிப்பீட்டுப் புள்ளியைத் தனியாகத் தராசில் வைக்காமல், சக ஆசிரியர் வகுப்பைப் பார்த்து எழுதிய குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற அளவுக்கு அது போதும். ஆய்வுப் பக்கமும் இதே கதை. ஆய்விதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-லேயே சொல்லிவிட்டது. அதில் கையொப்பமிட்ட நிறுவனமா என்று பாருங்கள். கையொப்பமிட்டிருந்தால் பதவி உயர்வுப் படிவத்தை எடுத்து, தாக்கக் காரணிக்கு இன்னும் ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பல படிவங்களில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கும்.

#15 இளவேனில்

எல்லாவற்றையும் சேர்த்து ஏழு கேள்வியாகச் சுருக்கினேன். சரிபார்க்க முடியுமா?

1. ஒவ்வொரு குறியீட்டுக்கும் தொகுதி, பகுதி, கணக்கெடுப்பு நாள், விலக்கப்பட்டவர் யார், தொடக்க ஆண்டிலும் இதே வரையறையா.
2. தக்கவைப்பு புலவாரியாக, விழுக்காட்டில்.
3. தொடக்கத் திட்டத்தின் குறியீடுகளும் இப்போதைய 23-ம் ஒப்பீடு. மாறியவற்றுக்கு முடிவெடுத்த கூட்ட நாள்.
4. 17 பச்சையில் செயல் எத்தனை, விளைவு எத்தனை, நிறத்தின் எல்லை.
5. பணியாளர் எண்கள் நிரந்தரம், ஒப்பந்தம், வெளி ஒப்பந்தம் என்று பிரித்து.
6. 15 நாள் இலக்குக்கு எதிராகப் பணிச்சுமைக் கணக்கு.
7. பதவி உயர்வு: தகுதி, விண்ணப்பம், வெற்றி மூன்று படியும்.

#16 புள்ளிமான்

இரண்டாவதில் 'விழுக்காட்டில்' என்பதை அடித்துவிட்டுத் 'தலைக்கணக்கில்' என்று போடுங்கள். விழுக்காட்டை நீங்களே போட்டுக்கொள்ளலாம். விழுக்காட்டிலிருந்து தலைக்கு வர முடியாது. 14 பேர் உள்ள துறையில் ஒருவர் போனால் 7 புள்ளி இறங்கும். அதைச் சரிவு என்று யாராவது கூட்டத்தில் பேசத் தொடங்கினால் அரை மணி நேரம் வீண். சிறிய துறைகளுக்கு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கேளுங்கள்.

ஐந்தாவதிலும் ஏழாவதிலும் 10 பேருக்குக் குறைவான கட்டங்களை மறைத்துத் தருவார்கள். ஆளை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதற்காக. அது சரியே, சண்டை போட வேண்டாம். ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து மொத்தத்தை விட்டுவைத்தால் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அப்படி வந்தால் குழுவில் சுற்றுக்கு விடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

#17 மேசைவிளக்கு

ஆறாவது கேள்வியை யார்கிட்ட கேட்பீங்க? மாணவர் இலக்குப் பொறுப்பாளர் கிட்டக் கேட்டா 'பணிச்சுமை என் துறை இல்ல'ம்பார். பணிச்சுமைப் பொறுப்பாளர் கிட்டப் போனா 'திருத்தும் காலம் என் துறை இல்ல'ம்பார். ரெண்டு பேரையும் ஒரே உருப்படியில, ஒரே நேரத்துல கூப்பிடுங்க.

அப்புறம், கேள்வியைக் கூட்டத்துக்கு முந்தின நாள் அனுப்பாதீங்க. இந்த அட்டவணையைத் தரவுப் பிரிவுல ரெண்டு மூணு பேர்தான் எடுக்கணும், குறைஞ்சது ரெண்டு வாரமாவது குடுங்க. பருவ முடிவுத் தேர்வு வாரத்துல விழுந்தா இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்குங்க.

#18 இளவேனில்

மாற்றிவிட்டேன். இரண்டாவது தலைக்கணக்கு, சிறிய துறைகளுக்கு மூன்றாண்டுத் தொகுப்பு. ஆறாவதற்கு இரண்டு பொறுப்பாளர் பெயரும் ஒரே வரியில். வெண்பலகை சொன்ன பதிவு முடக்கப் பட்டியலை எட்டாவதாகச் சேர்த்திருக்கிறேன். அதை நிதிப் பிரிவுக்குத் தனிக் கடிதமாக அனுப்ப வேண்டும்போல, தரவுப் பிரிவிடம் அந்தக் கொடி இருக்காது.